பழக்கமில்லாத நாட்டில் ஐந்து நாள் குளிர்கால சைக்கிள் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

ஜனவரியில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது, இதுவரை போகாத ஒரு நாட்டில் ஐந்து நாள் தனியாக சைக்கிள் ஓட்ட ஆசை, கோடையில் ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டர் ஓட்டிப் பழக்கம் உண்டு, ஆகவே எந்த நாடு, எந்த சைக்கிள், எந்த உடை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கோடையில் போட்ட திட்டத்தை ஒரு ஸ்வெட்டரைக் கூடுதலாக எடுத்துக்கொண்டு அப்படியே குளிர்காலத்துக்கு நகர்த்திவிடலாமா? முடியாது. ஆனால் வேறு விதமாகத் திட்டமிட்டால் பயணம் அருமையாக அமையும். குளிர்காலத்தில் சிறு குழுக்களை அழைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகச் சுற்றுகிறேன், சைக்கிள் பழுதும் பார்ப்பேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வரம்பையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொல்வது ஏறத்தாழ மைனஸ் 5 டிகிரியிலிருந்து பிளஸ் 12 டிகிரி வரையிலான குளிருக்குப் பொருந்தும். மைனஸ் 20-இல் பனிவெளியில் ஓட்டுவது தனிக் கலை. அதை அந்த மண்ணிலேயே ஓட்டுகிறவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தூரத்தைச் சற்றே மறந்துவிட்டு, எத்தனை மணி நேரம் வெளிச்சம் இருக்கும் என்று முதலில் பாருங்கள். டிசம்பர் 21-ஐ ஒட்டி ஓஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. லண்டனில் எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, பாரிஸில் எட்டேகால், மாட்ரிட்டில் ஒன்பதேகால், செவில்லிலும் ஏதென்ஸிலும் சுமார் ஒன்பதரை, டோக்கியோவில் ஒன்பதே முக்கால். ஜனவரி நடுவில் இவற்றோடு கொஞ்சம் கூடும். லண்டன், பாரிஸ் பக்கம் அரை மணி நேரம். இப்போது ஜனவரி நடுவில் பாரிஸ் அருகே ஒரு நாளைக் கணக்குப் போடுவோம். பகல் எட்டே முக்கால் மணி நேரம். விடிந்ததும் கிளம்பக் கூடாது. இரவில் உறைந்த சாலை இளகச் சூரியன் ஏறிய பிறகு ஒரு மணி நேரமாவது வேண்டும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மீதி ஆறே முக்கால். அதில் சாப்பாடு, கை கால்களைச் சூடுபடுத்த ஒரு கடைக்குள் நுழைவது, உடை மாற்றுவது, வழி தேடுவது, ஒரு பங்க்சர் என்று இரண்டு மணி நேரம் கரைந்துவிடும். ஓட்டுவதற்கு மிஞ்சுவது நான்கே முக்கால் மணி நேரம். மூட்டை ஏற்றிய சைக்கிள், ஈரச் சாலை, தடித்த உடை எல்லாம் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் போகாது. ஆக, 65 கிலோமீட்டர். காற்று எதிரே அடித்தால் அதுவும் இல்லை. திட்டத்தில் 50 என்று எழுதுங்கள். இந்த எண் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் தெரியாத ஊரில் இருட்டிய பிறகு, விறைத்த விரல்களோடு, கடைசி 20 கிலோமீட்டரை ஓட்டும் நிலைமையைத் தவிர்க்க இதைவிடப் பத்திரமான வழி எதையும் நான் கண்டதில்லை.

பகலின் நீளத்தோடு கடிகார நேரத்தையும் பாருங்கள். ஸ்பெயின் தன் தீர்க்கரேகைக்குப் பொருந்தாமல் மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் அதன் வடமேற்கு மூலையில் உள்ள சாண்டியாகோ தே கொம்போஸ்தேலாவில் ஜனவரி தொடக்கத்தில் சூரியன் காலை ஒன்பது மணிக்குத்தான் எழும். அங்கே ஏழு மணிக்கு அலாரம் வைத்துப் பயனில்லை. ஜப்பானில் நிலைமை நேர் எதிர். டோக்கியோவில் காலை ஏழுக்கு முன்பே விடிந்து, மாலை நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பகல் ஏறக்குறைய ஒரே நீளம் என்றாலும் நாளின் ஒழுங்கு முழுவதும் மாறிப்போகிறது.

வெளிச்சத்துக்கு அடுத்தது, பயணத்தை நடுவில் நிறுத்த வழி இருக்கிறதா என்பது. குளிர்காலப் பாதையைத் தேர்ந்தெடுக்கையில் நான் முதலில் விரித்துப் பார்ப்பது ரயில் வரைபடத்தைத்தான். ரயில் பாதையை ஒட்டிப் போகும் சாலையாக இருந்தால், மதியம் பனிமழை பிடித்துக்கொண்டாலும் அடுத்த நிலையத்தில் ஏறி இரவு தங்கும் ஊருக்குப் போய்விடலாம். ஆனால் சைக்கிளை ரயில் ஏற்றும் விதி நாட்டுக்கு நாடு வேறு. ஜப்பானில் சைக்கிளைப் பிரித்தோ மடித்தோ முழுவதும் மூடிய பைக்குள் போட்டுத்தான் பெரும்பாலான ரயில்களில் ஏற்ற முடியும். அந்தப் பையை அங்கே ரிங்கோ பை என்கிறார்கள். ஜெர்மனியில் வட்டார ரயில்களில் இடம் இருந்தால் சைக்கிள் டிக்கெட் வாங்கி ஏற்றலாம். அதிவேக ஐசிஇ ரயில்களில் முன்பதிவு இல்லாமல் முடியாது. விடுமுறை நாள்களையும் மறக்க வேண்டாம். டிசம்பர் 25 அன்று பிரிட்டனில் ரயிலே ஓடாது. ஜப்பானில் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை பல கடைகளும் சிறு விடுதிகளும் மூடியிருக்கும். தைவானில் சந்திரப் புத்தாண்டு வாரத்தில், அதாவது ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரிக் கடைசிக்குள் ஏதோ ஒரு வாரத்தில், அறை கிடைப்பதே கஷ்டம்.

கோடைகால வழிகாட்டிகளை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கிறார்கள். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை போகும் டான்யூப் நதிக்கரைப் பாதை ஐரோப்பாவிலேயே பெயர்பெற்றது. ஆனால் கரையோர விருந்தினர் இல்லங்கள் பலவும் சைக்கிள் ஏற்றும் சிறு படகுகளும் குளிர்காலத்தில் இயங்குவதில்லை. ஸ்பெயினின் மயோர்க்கா தீவின் கடற்கரை ஓட்டல்களில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பூட்டியே கிடக்கும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயையும் நார்வேயின் டிரோல்ஸ்டீகன் மலைச்சாலையையும் பனிக்காலம் முழுக்க மூடிவிடுவார்கள். பாதை, படகு, படுக்கை மூன்றும் ஜனவரியில் உண்மையிலேயே திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பழைய பயணக் கட்டுரைகளை இந்த ஒரு விஷயத்தில் நம்ப வேண்டாம்.

இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு, முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அதையே வற்புறுத்துவேன். ஐந்து இரவுக்கு ஐந்து ஊர் என்று தொடர்ச்சியாகப் போகாமல், இரண்டு ஊர்களை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் இரண்டு இரவு, அடுத்ததில் மூன்று. நடுவில் ஒரு நாள் மட்டும் முழு மூட்டையோடு ஓட்டினால் போதும். மற்ற நாள்களில் பாரமில்லாத சைக்கிளில் சுற்றிவிட்டு அதே அறைக்குத் திரும்பலாம். நனைந்த துணி காய இரண்டாவது இரவும் கிடைக்கும். வானிலை கெட்டால் ஒரு நாள் கழன்றுவிடும், திட்டம் குலையாது. ஊர் விட்டு ஊர் போகும் சுகம் குறைகிறது என்பது உண்மைதான். ஆனாலும் குளிரில் இந்தப் பண்டமாற்று நியாயமானது என்றே நினைக்கிறேன்.

எந்த நாடு? என்னைக் கேட்டால் ஜப்பானின் செட்டோ உள்நாட்டுக் கடற்பகுதியை முதலில் சொல்வேன். ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவுக்குத் தீவு பாலங்களால் இணைத்த ஷிமானாமி கைடோ பாதை சுமார் 70 கிலோமீட்டர். 1999-இல் முழுமையாகத் திறந்தார்கள். சாலையோரம் நீலக் கோடு வரைந்திருப்பதால் மொழி தெரியாதவர்களும் வழி தவற மாட்டார்கள். ஒரு நிலையத்தில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை மறு கரையில் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. இரு பக்கமும் மலைகள் காப்பதால் அங்கே குளிர்காலத்தில் மழையும் பனியும் குறைவு. பாலங்களின் மேல் காற்று மட்டும் பலமாக வீசும். அதை இரண்டு நாளில் நிதானமாக முடித்து, மீதி நாள்களை இமாபாரி இருக்கும் ஷிகோகு தீவின் வடகரையில் கழிக்கலாம்.

இரண்டாவது, தெற்கு ஸ்பெயின். அங்கே உயரத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். மாலகா கடற்கரையில் ஜனவரியில் உறைபனி அபூர்வம். சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள கிரானடாவிலோ அதிகாலையில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம். வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாவதாகத் தைவானின் மேற்குக் கரை. அங்கே குளிர்காலம் முழுவதும் வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால், வடக்கிலிருந்து தெற்கே போனால் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டே போகும். திசையை மாற்றினால் நாள் முழுக்கப் போராட்டம்தான். வடமுனை இந்த மாதங்களில் நனைந்தே கிடக்கும், தென்மேற்கு உலர்ந்திருக்கும். தென்கோடி ஹெங்சுன் தீபகற்பத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்று பக்கவாட்டில் அறையும், அங்கே கவனம் வேண்டும். நெதர்லாந்தைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். தரை சமம், சந்திப்புகளுக்கு எண் போட்ட பாதை வலைப்பின்னல் புதியவர்களுக்கு வரப்பிரசாதம், ரயிலும் எங்கும் உண்டு. காற்றும் ஈரமும் பகல் குறைவும்தான் குறை. காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் பயணத்தைக் கடற்கரைப் பக்கம் தொடங்கி உள்நாட்டை நோக்கி அமைக்கலாம்.

இனி பனிக்கட்டி. இதில் உறுதியாகத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மேகமில்லாத இரவுக்கு மறுநாள் காலையில் பாலங்களும் மர நிழலும் பள்ளத்தாக்கின் அடியும் மற்ற இடங்களுக்கு முன்பே உறைந்து, பின்பே இளகும். பாலத்துக்கு மேலும் கீழும் காற்று ஓடுவதால் மண்ணின் சூடு அதற்குக் கிடைப்பதில்லை. இது உறுதி. வானிலை அறிக்கை சொல்லும் வெப்பநிலை தரைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் மேலே அளந்தது. மேகமில்லாத இரவில் தரை அதைவிடக் குளிர்ந்திருக்கும். ஆகவே அறிக்கையில் பிளஸ் 3 என்று இருந்தாலும் சாலையில் பனிக்கட்டி இருக்கலாம். இதுவும் உறுதி. ஆனால் குறிப்பிட்ட ஒரு வளைவில் இன்று காலை உறைந்திருக்குமா என்பதை எந்தச் செயலியாலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அங்கே உங்கள் கண்தான் துணை. சாலை நனைந்ததுபோல் பளபளக்கிறது, அதன்மேல் போகும் காரின் சக்கரத்திலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை, டயர் சத்தமும் திடீரென்று அடங்குகிறது என்றால் அது ஈரமல்ல, பனிக்கட்டிப் படலம். கண்டதும் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே அதன்மேல் ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டில்பாரைத் திருப்பாதீர்கள், பெடலையும் அழுத்தாதீர்கள். நேராக உருளவிட்டால் பெரும்பாலும் தாண்டிவிடலாம். ஈரமான டிராம் தண்டவாளம், சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு, மரப்பாலம், அழுகிய இலைக்குவியல் ஆகியவையும் ஏறக்குறைய இதே அளவு வழுக்கும். தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

ஆணி பதித்த டயர் தேவையா என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள் வழவழப்பான பனிக்கட்டியில் நன்றாகப் பிடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டயர் கனமாகும், வேகம் குறையும், ஆழமான பனித்தூளில் பெரிய பயன் இருக்காது. பூஜ்யத்துக்கு மேலேயே பெரும்பகுதி ஓடும் ஐந்து நாள் பயணத்துக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறையாத சாதாரண டயரைக் காற்று சற்றுக் குறைத்து ஓட்டினால் போதும் என்பது என் கருத்து. பின்லாந்துக்கோ நார்வேக்கோ போவதாக இருந்தால் இதே கேள்விக்கு ஆணி டயர் என்றுதான் சொல்வேன்.

உடை விஷயத்தில் குளிரைவிட வியர்வைதான் பெரிய எதிரி. 5 டிகிரி குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று முகத்தில் பட்டால் தோல் உணர்வது ஏறத்தாழ 1 டிகிரி. அதே குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் பாய்ந்தால் மைனஸ் 1. ஏற்றத்தில் நனைந்த உள்ளாடையோடு அந்த இறக்கத்தில் இறங்கினால் உடல் சூடு மளமளவென்று போய்விடும். அதனால் கிளம்பும்போது கொஞ்சம் குளிரவே வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள், உச்சியில் நின்று காற்றுத் தடுப்பு மேலங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். உடலை ஒட்டிய உடை கம்பளியோ பாலியெஸ்டரோ இருக்கட்டும். பருத்தி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. கையுறை இரண்டு ஜோடி எடுங்கள், ஒன்று நிச்சயம் நனையும். காலுக்கு எல்லோரும் செய்கிற காரியம் இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு காலுறைகளைத் திணிப்பது. ரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் சில்லிட்டுப் போகும். ஒரே காலுறை, விரலை அசைக்க இடமுள்ள ஷூ, அதன்மேல் நீர் புகாத உறை என்பது சரியான வரிசை.

விரல்களைப் பற்றி ஒரு சோதனை சொல்கிறேன். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் அந்தக் கையால் பிரேக்கை நம்பிப் பிடிக்க முடியாது என்று பொருள். உடனே நிறுத்தி, கையை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவது ஆபத்தான நிலை. பேச்சு குழறும், கால் தடுமாறும், ஜிப்பைப் போடக்கூட கை ஒத்துழைக்காது. நடுங்கிக்கொண்டிருந்தவருக்குச் சூடு ஏறாமலே நடுக்கம் நின்றுபோனால் அது குணமாகும் அறிகுறி அல்ல, நிலைமை மோசமாகிறது. அவசர உதவியை அழைக்க வேண்டிய நேரம் அது. ஐரோப்பிய நாடுகளில் 112 என்ற ஒரே எண் போதும். வேறு நாடு என்றால் எண்ணைக் கிளம்புமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவன் அல்ல. குளிர்ந்த உலர்ந்த காற்று ஆஸ்துமாவைத் தூண்டும் என்பதும், குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் தன்மை சிலருக்கு இயல்பிலேயே உண்டு என்பதும் மட்டும் தெரியும். இரண்டில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

சைக்கிளைப் பொறுத்தவரை, ஐந்து நாளுக்கு வாடகையே மேல். விமானத்துக்காகப் பிரித்துப் பெட்டியில் அடைத்து, போய்ச் சேர்ந்ததும் பூட்டி, திரும்பவும் பிரிப்பதில் ஒரு முழுப் பகல் போய்விடும். உங்கள் சீட்டும் பெடலும் மட்டும் கூட வரட்டும், உடல் அவற்றுக்குத்தான் பழகியிருக்கிறது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் மட்கார்டு, டிஸ்க் பிரேக், சக்கரம் சுழல்வதிலேயே எரியும் டைனமோ விளக்கு மூன்றும் இருக்கிற வண்டியாகக் கேளுங்கள். எடுத்தவுடன் பிரேக் பிடிகளைச் சோதியுங்கள். பிரிட்டனிலும் ஜப்பானிலும் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு, ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் அமெரிக்காவிலும் இடக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு. ஈரச் சாலையில் பதற்றத்தில் பின்பிரேக் என்று நினைத்து முன்பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கிக் கீழே தள்ளிவிடும். கடை வாசலில் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டி, கைக்குப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள். டியூப் வால்வையும் பாருங்கள். பிரெஸ்டா, ஷ்ராடர், டன்லப் என்று மூன்று வகை புழக்கத்தில் இருக்கின்றன. உங்கள் பம்ப் அந்த வால்வுக்குப் பொருந்துகிறதா என்பதைச் சாலையோரத்தில் கண்டுபிடிக்கக் கூடாது. சாலையில் உப்புத் தூவும் நாடு என்றால் மாலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினைத் துடைத்து, ஈரக் காலத்துக்கான எண்ணெய் விடுங்கள். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்தினால் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்துவிடும்.

விளக்குச் சட்டங்களும் ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியில் சைக்கிளில் மினுக் மினுக்கென்று எரியும் விளக்குக்கு அனுமதியில்லை, நிலையாக எரிய வேண்டும். பிரான்ஸில் 2008 முதல் ஊர் எல்லைக்கு வெளியே இரவிலோ மூடுபனியிலோ ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இதுபோன்ற விதி இருக்கிறது. சட்டம் கேட்காத நாட்டிலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஜனவரி மதியம் மூன்று மணி வெளிச்சமே மங்கல்தான். கைபேசியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் சட்டென்று இறங்கும். ஹேண்டில்பாரில் மாட்டிய கைபேசி பாதிச் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடக்கூடும். மேலங்கியின் உள்பையில் உடலோடு வைத்துக்கொண்டு தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யாதீர்கள். வரைபடத்தை இணையமின்றியும் பார்க்கும்படி முன்கூட்டியே இறக்கிவையுங்கள், அன்றன்றைய பாதையை ஒரு காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் பேட்டரிகளை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் வரும் வானிலைக் கணிப்பை வைத்து எதையும் மாற்றாதீர்கள். அடுத்த இரண்டு, மூன்று நாள் கணிப்புதான் ஓரளவு நம்பத்தக்கது. ஒவ்வொரு இரவும் மறுநாளை முடிவு செய்யுங்கள்: முழுப் பாதையா, பாதியில் ரயிலா, ஓய்வா. போய் இறங்கும் நாளில் ஓட்ட வேண்டாம். முதல் ஓட்ட நாளை 30 கிலோமீட்டரோடு நிறுத்தி, போட்ட உடை சரியா, கை கால் தாங்குகிறதா, உங்கள் உண்மையான வேகம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கு நாள்களின் தூரத்தை நீங்கள் தீர்மானிக்க வேண்டியது அன்று மாலை அந்த எண்ணை வைத்துத்தான்.